மைக் இருக்கிறது, பதில் சொல்ல வேண்டியவர் இல்லை

அரசாங்கம் விவசாயிகளிடம் பேசுவதே இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். தமிழ்நாட்டில் மாதாமாதம் எல்லா மாவட்டத்திலும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. கலெக்டர் இருப்பார், துறை அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், பச்சைத் துண்டு போட்ட சங்கத் தலைவர்கள் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார்கள். வேளாண்மைத் துறையில் இருந்தபோது, டெல்டா மாவட்டம் ஒன்றில் இந்தக் கூட்ட வேலையைச் சில வருடம் பார்த்தேன். மனுக்களுக்கு எண் போட்டு, துறைவாரியாகப் பிரித்து அனுப்பி, அடுத்த கூட்டத்துக்குள் பதிலை வாங்கித் தொகுக்க வேண்டும்.

பேச்சு நிறையவே நடந்தது, ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

நெல்லின் ஈரப்பதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குறுவை நெல் அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். அரசு நெல் வாங்கும் நேரடி கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் வரைதான் ஈரம் இருக்கலாம். மழையில் நனைந்து முளைவிட்ட நெல்லைப் பையில் கொண்டுவந்து மேஜையில் கொட்டி, "இதை என்ன சார் பண்றது?" என்று கேட்பார்கள். அந்த வரம்பை வைத்திருப்பது மத்திய அரசு. தளர்வு வேண்டுமென்றால் மாநிலம் கடிதம் எழுத வேண்டும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்க வேண்டும், பிறகு டெல்லியிலிருந்து உத்தரவு வர வேண்டும். அதற்குள் பாதிப் பேர் கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிட்டிருப்பார்கள். கலெக்டரே கடிதம்தான் எழுத முடியும் என்றால், கொள்முதல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் பட்டியல் எழுத்தர் பாவம், அவர் என்ன செய்வார்? திட்டு எல்லாம் அவருக்குத்தான் விழும்.

ஒரு கூட்டத்தில் ஒரு பெரியவர், "மழை மாசத்துக்கு மட்டும் தளர்வை முன்னாடியே விதியா எழுதி வச்சிடுங்களேன், வருஷா வருஷம் எதுக்கு இந்தக் கூத்து?" என்றார். அது கொள்கை யோசனை. ஆனால் எங்கள் படிவத்தில் யோசனைக்கு இடமே கிடையாது. அதுவும் ஒரு மனுவாகப் பதிவாகி, "தற்போது உள்ள விதிகளின்படி கொள்முதல் நடைபெற்று வருகிறது" என்ற பதிலோடு முடிந்துபோனது. விவசாயி எதைச் சொன்னாலும் குறையாகவே எழுதிக்கொள்ளும் பழக்கம் இருக்கும்வரை கூட்டங்களைக் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய பலன் வராது என்று எனக்கு அங்கேதான் பட்டது.

இன்னொன்று, கேட்கும் நேரம். 2020 ஜூனில் மூன்று வேளாண் சட்டங்களும் அவசரச் சட்டமாக வந்தன, செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறின, நவம்பரில் பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்துவிட்டார்கள். சட்டம் நிறைவேறிய பிறகுதான், 2020 அக்டோபரிலிருந்து 2021 ஜனவரி வரை, 11 சுற்றுப் பேச்சு நடந்தது. சட்டங்களை ஒன்றரை வருடம் நிறுத்திவைக்கிறோம் என்றுகூட மத்திய அரசு சொல்லிப் பார்த்தது. சங்கங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, கடைசியில் 2021 நவம்பரில் சட்டங்களே ரத்தாயின. அந்தச் சட்டங்கள் நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. அந்தச் சுற்றுகளில் ரெண்டே ரெண்டை 2020 மே மாதத்தில், வரைவைக் கையில் வைத்துக்கொண்டு நடத்தியிருக்கலாமே என்றுதான் தோன்றும்.

எங்கள் மட்டத்திலும் இதே கதைதான். ஏ, பி என்ற பெரிய வாய்க்கால்கள் நீர்வளத்துறையிடம், சி, டி என்ற சின்ன வாய்க்கால்கள் பெரும்பாலும் வேளாண் பொறியியல் துறையிடம். விவசாயிக்கு எல்லாமே வாய்க்கால்தான். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும், தூர்வாரல் பற்றிய மனு ஜூலையில் வரும், ரெண்டு துறைக்கும் நடுவில் அலையும். ஒரு வருடம் ஏப்ரலிலேயே, வேலைப் பட்டியல் முடிவாகும் முன்பே, பொறியாளர்களையும் சங்கத்துக்காரர்களையும் கிராம வரைபடத்தோடு ஒரே மேஜையில் உட்கார வைத்தோம். மேடை கிடையாது, மைக்கும் கிடையாது. தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் எங்களை விட்டுவிட்டுத் தங்களுக்குள் சண்டை போட்டார்கள். நல்ல சண்டை! எந்த வாய்க்கால் முதலில் என்பதை அவர்களே முடிவு செய்தார்கள், அந்த வருடம் தூர்வாரல் மனுக்கள் கண்ணுக்குத் தெரிந்து குறைந்தன.

சங்கங்கள் பக்கமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. வந்து பேசுபவர்கள் பெரும்பாலும் சொந்த நிலக்காரர்கள், ஆண்கள். குத்தகைக்காரருக்கு அவர் பேரில் அடங்கல் என்ற பயிர்ப் பதிவுச் சான்று பெரும்பாலும் கிடைக்காது, அதனால் பயிர்க்கடனும் காப்பீடும் சிக்கல். ஆனால் நில உரிமையாளர் முன்வரிசையில் இருக்கும்போது அவர் எப்படி எழுந்து பேசுவார்? நடவு செய்யும் பெண்களை அந்த அறையில் நான் பார்த்ததே அபூர்வம்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, பதில் அறிக்கையில் ஒரு பத்தி கூட்டினோம். "முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம்?" என்று கேட்கும் பத்தி. அதிகாரிகளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, "மத்திய உணவுத்துறை", "தலைமைச் செயலகம்" என்று எழுத வேண்டியிருந்ததே. அதே பெரியவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்பதான் சார் யாரைத் திட்டணும்னு தெரியுது" என்றார். அடுத்த மாதம் அவர் சங்கத்தின் மனு நேரே டெல்லிக்குப் போனது, எங்களுக்கு வந்தது அதன் நகல் மட்டும்.