ஈப்போ: காலை 7 மணிக்குப் பசியோடு இருக்க வேண்டிய ஊர்

மலேசியா போகிற நம் ஆட்கள் பெரும்பாலும் கோலாலம்பூர், பத்துமலை, கெந்திங், லங்காவி என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கூடுதலாக நாள் இருந்தால் பினாங்கு. அந்தப் பினாங்கு போகிற வழியில், கோலாலம்பூருக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கிற ஈப்போவை ரயில் சன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. "அங்க என்ன சார் இருக்கு, ஒயிட் காபி குடிச்சிட்டு அரை நாள்ல கிளம்பிடலாம்" என்று எங்களுக்கும் ஒருவர் யோசனை சொன்னார். அரை நாள் போதும் என்பவர்கள் எல்லாரும் பகல் 11 மணிக்குப் போய் இறங்கியவர்களாகத்தான் இருக்க வேண்டும். இந்த ஊரின் நல்ல கடைகள் பல விடிந்ததும் திறந்து, மதியச் சாப்பாட்டோடு கடையைக் கட்டிவிடும். சாயங்காலம் வேறு தெருவில் வேறு அடுப்புகள் பற்றவைப்பார்கள். இடையில் உள்ள நேரம் வெயிலுக்கும் மழைக்கும். இந்தக் கணக்குப் புரிந்தால் இரண்டு இரவாவது தங்காமல் வர மாட்டீர்கள்.

போவது சுலபம். கேஎல் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் மின்சார ரயில் இரண்டரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். ஏசி நடுக்கும், ஒரு சால்வை கையில் இருக்கட்டும். வார இறுதிக்கும் பள்ளி விடுமுறைக்கும் டிக்கெட் முன்கூட்டியே தீர்ந்துவிடுகிறது. ரயில் செயலியில் முதலிலேயே எடுத்துவிடுங்கள். பஸ்ஸும் உண்டு, ஆனால் வெளியூர்ப் பஸ் நிற்கும் அமான்ஜாயா நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, அங்கிருந்து மறுபடி கார் பிடிக்கணும். ரயில் என்றால் பழைய நகரத்தின் வாசலிலேயே இறங்கலாம். அந்த நிலையமே ஒரு காட்சிதான். 1917-ல் கட்டி முடித்தது, வடிவமைத்தவர் ஹபக் என்ற பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர். கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையமும் அவர் கைவண்ணம்தான். வெள்ளைக் குவிமாடமும் வளைவுகளுமாக இருப்பதால் உள்ளூரில் இதை 'ஈப்போவின் தாஜ்மகால்' என்கிறார்கள். கொஞ்சம் அதிகப்படியான பட்டம்தான், ஆனாலும் வெளியே வந்து திரும்பிப் பார்த்தால் ஒரு படம் எடுக்காமல் நகர முடியாது.

கிந்தா ஆறு ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. நிலையம் இருக்கிற மேற்குப் பக்கம் பழைய நகரம், ஆற்றைத் தாண்டினால் புதிய நகரம். தங்குவதற்கு என் ஓட்டு பழைய நகரத்துக்கு. காலையில் எழுந்து நடந்தே காபிக்குப் போகலாம் என்ற ஒரே காரணம் போதும். பழைய சீனக் கடைவீடுகளைப் புதுப்பித்து விடுதிகளாக்கியிருக்கிறார்கள். செக்கேப்பிங் கோங் ஹெங் மாதிரி பழைய சுவரையும் மரத்தையும் அப்படியே விட்டுவைத்தவையும் உண்டு, பெயிண்ட் அடித்துப் பளபளப்பாக்கியவையும் உண்டு. ஒரு எச்சரிக்கை: கடைவீடு என்பது முகப்பு குறுகலாக, உள்ளே நீளமாகப் போகிற கட்டடம். நடுவில் வருகிற அறைகளுக்குச் சன்னலே இருக்காது. நாங்கள் முதலில் எடுத்த அறை அப்படித்தான், பெயர் வேண்டாம். படத்தில் திரைச்சீலை தொங்கியது, நேரில் அதை விலக்கிப் பார்த்தால் சுவர். பதிவு செய்யும்போதே சன்னல் உண்டா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் கார் எடுத்து வருகிறவர்களுக்கும் புதிய நகரத்துப் பெரிய ஹோட்டல்களே வசதி.

சரி, காலைக்கு வருவோம். பண்டார் தீமா சாலையில் சின் யூன் லூங், நாம் ஹியோங் என்ற இரண்டு காபிக்கடைகளும் எதிரெதிரே இருக்கின்றன. 7 மணிக்கு உட்கார இடம் கிடைக்கும், 9 மணிக்கு யார் எழுந்திருப்பார்கள் என்று நாற்காலி பின்னால் நிற்கணும். ஒயிட் காபி என்றதும் வெள்ளையாக எதையோ எதிர்பார்க்காதீர்கள். வழக்கமான மலேசியக் காபிக்கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டுக் கருக வறுப்பார்கள். இங்கே சர்க்கரை இல்லாமல் பனையெண்ணெய் மார்ஜரின் மட்டும் சேர்த்து வறுக்கிறார்கள், அதனால் கசப்பு குறைவு, நிறமும் இளசு. அதில் கன்டென்ஸ்ட் பாலைக் கலந்து நுரையோடு கொடுக்கிறார்கள். கும்பகோணம் டிகிரி காபி நாக்கு இருக்கிறவர்களுக்கு முதல் வாய் திகட்டும், பாதியில் பழகும், அடுத்த நாள் தேடும். என் மனைவி பாதியோடு நிறுத்திக்கொண்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோப்பிதியாம் என்கிற இந்தச் சீனக் காபிக்கடையில் உட்கார்ந்து பழகாதவர்களுக்கு: காபி, டீ ஊற்றுவது கடை முதலாளி. சாப்பாடு, உள்ளேயே இடம் பிடித்து அடுப்பு வைத்திருக்கிற தனித்தனி ஆட்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகக் காசு. சில்லறை நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். கரியில் வாட்டிய ரொட்டியில் காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம் தடவியது, அரைவேக்காட்டு முட்டை இரண்டு, காபி. இதுதான் அடிப்படைப் பசியாறல். நாம் ஹியோங்கில் முட்டை டார்ட் சூடாக வரும் நேரம் பார்த்து வாங்குங்கள். அதே சாலையில் தியான் சுன் கடையில் கோழியும் இறாலும் பிய்த்துப் போட்ட ஹோ ஃபன் என்ற அரிசி நூடுல்ஸ் சூப்பும், கேரமல் கஸ்டர்டும். சுவரெல்லாம் பெரிய கண்ணாடி பதித்த பழைய கடை. அரிசி நூடுல்ஸில் ஈப்போவை மிஞ்ச முடியாது என்று மலேசியர்களே ஒத்துக்கொள்வார்கள். சுண்ணாம்புக்கல் மலைத் தண்ணீர்தான் காரணம் என்பது ஊர்க்காரர்களின் நம்பிக்கை.

டிம் சம், அதாவது சின்னச் சின்னத் தட்டுகளில் வரும் சீனப் பலகாரம், பிடித்தவர்கள் ஆற்றைத் தாண்டி லியோங் சின் நாம் சாலைக்குப் போகணும். ஃபோ சான் மண்டபம் மாதிரி பெரியது. எதிரே மிங் கோர்ட் சிறியது, நெரிசல், எனக்கு அதுதான் பிடித்தது. பன்றி வேண்டாம் என்பவர்கள் ஒவ்வொரு தட்டையும் கேட்டு வாங்குங்கள், பாதிக்கு மேல் அதுதான்.

காலைக்கும் மதியத்துக்கும் நடுவே பழைய நகரத்தைக் காலால் பார்த்துவிடலாம். பினாங்கில் பெயர் வாங்கிய லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் 2014-ல் இங்கே வரைந்த சுவரோவியங்கள் சந்து சந்தாக இருக்கின்றன. காபிக் கோப்பையோடு இருக்கும் பெரியவர் மட்டும் இன்னும் கம்பீரம், சிலவற்றை வெயில் தின்றுவிட்டது. எல்லாரும் ஓடுகிற 'வைப்பாட்டிச் சந்து', லோரோங் பங்லிமா, எனக்கு ஏமாற்றம்தான். வெள்ளீயச் சுரங்க முதலாளிகள் சின்ன வீடு வைத்திருந்த சந்து என்ற கதையை வைத்து இப்போது ஐஸ்கிரீமும் பொம்மையும் விற்கிறார்கள். 10 நிமிடம் போதும். அந்த நேரத்தை ஹான் சின் பெட் சூ அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். லியோங் ஃபீ என்ற சுரங்க முதலாளி 1893-ல் தொடங்கிய ஹக்கா சீனர்களின் சங்கம் அது. ஈயம் எப்படி எடுத்தார்கள், சூதாட்டமும் அபினுமாகப் பணம் எப்படிப் போனது, எல்லாம் வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுகிறார்கள், முன்பதிவு வேண்டும். 1985-ல் ஈய விலை சரிந்தபோது இந்த ஊரே படுத்துவிட்டது. பழைய கட்டடங்கள் இடிபடாமல் தப்பியதற்கு அந்த வறுமையும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றியது.

பிர்ச் நினைவு மணிக்கூண்டை விட்டுவிடாதீர்கள். ஈப்போ இருக்கிற பேராக் மாநிலத்தின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட், அதாவது சுல்தானுக்கு ஆலோசகராக வைத்த அதிகாரி, பிர்ச் 1875-ல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அவர் நினைவாக 1909-ல் கட்டிய கூண்டு. சுற்றிலும் புத்தர், கன்பூசியஸ், ஷேக்ஸ்பியர் என்று உலக நாகரிகமே வரிசையாக நிற்கும் ஓவியம். சுதந்திரத்துக்குப் பிறகு மலேசியர்கள் கூண்டை இடிக்கவில்லை. பக்கத்துச் சாலைகளுக்கு, அந்தக் கொலைக்காகத் தூக்கில் தொங்கிய மகாராஜா லேலா, டத்தோ சாகோர் பெயர்களை வைத்துவிட்டார்கள். இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது.

மதியம் வெயில் மண்டையைப் பிளக்கும், 3 மணிக்கு மேல் இடியோடு மழை வரலாம். குகைக் கோயில்களை இந்த நேரத்துக்கு வைத்துக்கொண்டோம். ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் குன்றுகள் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் குகைகளில் சீனக் கோயில்கள். ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் கெக் லோக் தோங். உள்ளே குளுகுளு என்று பெரிய மண்டபம் மாதிரிக் குகை, மறுபக்கம் வெளியே வந்தால் குளமும் தோட்டமும் பின்னால் மலையும். பேராக் தோங்கில் சுவரெல்லாம் ஓவியம், மேலே ஏறப் படிகள் உண்டு, முழங்கால் சம்மதித்தால் மேலிருந்து ஊர் முழுக்கத் தெரியும். சாயங்காலம் சீக்கிரமே பூட்டிவிடுவார்கள்.

நம் முருகனுக்கும் ஒரு குன்று இருக்கிறது. குனோங் சேரோ அடிவாரத்தில் கல்லுமலை சுப்பிரமணியர் கோயில். தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து காவடிகள் இங்கே வரும். பத்துமலைக் கூட்டத்துக்குப் பயந்தவர்கள் தைப்பூசத்துக்கு ஈப்போவை யோசிக்கலாம், ஆனால் இங்கேயும் அன்றைக்கு அறை கிடைப்பது கஷ்டம்.

அந்தப் புந்தோங்தான் எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த இடம். தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் கச்சாங் பூத்தே போடுகிற பகுதி. கச்சாங் பூத்தே என்றால் நம்ம முறுக்கு, ஓமப்பொடி, காரக்கடலை, பட்டாணி, பக்கோடா, மரவள்ளிச் சிப்ஸ் எல்லாம் சேர்ந்த வகையறா. ஒரு காலத்தில் வேட்டி கட்டிய தமிழர்கள் தட்டில் சுமந்து சினிமாக் கொட்டகை வாசல்களில் காகிதக் கூம்பில் விற்றது, இன்றைக்கு மலாய்க்காரரும் சீனரும் வண்டி போட்டு வந்து கிலோக் கணக்கில் வாங்குகிறார்கள். "பசியாறியாச்சா, எங்கேருந்து வர்றீங்க?" என்று கேட்ட அக்கா, தஞ்சாவூர்ப் பக்கம் என்றதும் ஒவ்வொரு டின்னாகத் திறந்து ருசி பார்க்கச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல வாய் காலியாக இருந்தால்தானே! முறுக்கில் நம் ஊரைவிடக் காரம் தூக்கல்.

கார் எடுத்தால் பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு அரை நாள். கெல்லிஸ் காசல், வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915-ல் கட்டத் தொடங்கி முடிக்காமலே விட்ட மாளிகை. வேலையாட்களும் செங்கல்லும் சென்னை மாகாணத்திலிருந்து வந்தவை. வேலையாட்களுக்குக் கொள்ளைநோய் கண்டபோது, கோயில் கட்டினால் சரியாகும் என்று அவர்கள் கேட்க, துரை பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். 1926-ல் அவர் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார், மாளிகை அப்படியே நின்றுவிட்டது. பேய் இருக்கிறது என்று கதை விற்கிறார்கள், அதை விடுங்கள். நிறையப் பேர் மாளிகையோடு திரும்பிவிடுகிறார்கள், அந்தக் கோயிலுக்கு நடந்து போய் மேலே பாருங்கள். சாமிச் சிலைகளுக்கு நடுவே வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாகத் துரையும் நிற்கிறார்.

அதே திசையில் பாப்பான் என்ற பாழடைந்த ஈயச் சுரங்க ஊர். 74-ஆம் எண் வீட்டில்தான் சிபில் கார்த்திகேசு மருந்தகம் நடத்தினார். இலங்கைத் தமிழ் டாக்டரை மணந்த செவிலியர். ஜப்பானியர் ஆட்சியில் காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கு ரகசியமாக வைத்தியம் பார்த்தார், ஒளித்துவைத்த ரேடியோவில் செய்தி கேட்டார். 1943-ல் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள், அவர் வாயைத் திறக்கவில்லை. பிரிட்டன் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது, 1948-ல் இறந்தார். கல்லறை ஈப்போவில் இருக்கிறது. வீட்டை வெளியிலிருந்து பார்த்தாலும் போய்வரத் தக்க இடம்.

ராத்திரி யாவ் தெட் ஷின் சாலை. லாவ் வோங், ஓன் கீ இரண்டும் முளைப்பயறுக் கோழிக்குப் பேர்போனவை. கொதிநீரில் பதமாக வேகவைத்த கோழி, மேலே சோயாவும் நல்லெண்ணெயும், பக்கத்தில் குட்டையாகக் குண்டாக இருக்கும் முளைப்பயறு, ஹோ ஃபன். மசாலா தேடுகிற நாக்குக்கு இது வெறும் கோழிதான், மிளகாய்ச் சாஸை நம்பித்தான் நான் தட்டைக் காலி செய்தேன். மாறாக யோங் சுவான் காபிக்கடையில் இந்திய முஸ்லிம்கள் நடத்தும் 'நாசி கஞ்சா' பகல் சாப்பாடு இருக்கிறதே, அதற்கு வரிசையில் நிற்கலாம். கஞ்சா எல்லாம் இல்லை, குழம்பு நாலு வகையைச் சோற்றில் கலந்து ஊற்றி, சிவப்புக் கோழியும் உப்பு முட்டையும் வைக்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பதால் அந்தப் பேர்.

சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடும் தோசையும் கிடைக்கும், சீனச் சைவக் கடைகளும் உண்டு. மனைவிக்கு ஈப்போவில் பிடித்தது ஃபன்னி மவுண்டன் கடையின் தாவ் பூ ஃபா. சோயாப் பாலில் உறைய வைத்த மெல்லிய டோஃபு, மேலே சர்க்கரைப் பாகு. இளநுங்கு மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் காயாவில் முட்டை இருக்கிறது, கவனம்.

வாங்கி வருவதற்கு ஹியோங் பியா பிஸ்கட் நல்லது, மொறுமொறுவென்று உள்ளே பாகு வைத்தது, ஒரு வாரம் தாங்கும். தம்புன் பம்பளிமாஸ் ரோட்டோரம் குவித்து விற்கிறார்கள், ருசி அபாரம், ஆனால் ஒன்றே பெட்டியில் பாதி இடத்தைப் பிடிக்கும். அறையிலேயே உரித்துச் சாப்பிட்டுவிடுங்கள். கடைகளுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை, அதுவும் ஆளுக்கு ஒரு நாள். கிளம்பும் முன் கூகுளில் பார்த்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம், கோலாலம்பூரே அன்றைக்கு ஈப்போவுக்குச் சாப்பிட வந்துவிடுகிறது.