நீலகிரி விண்டர்கிரீன்: வளர்ப்புக் குறிப்புகள்

ஏப்ரல் 12
ஊட்டி. சோலையோரப் புதரில் பூ இறங்கியிருக்கிறது. நீலகிரி விண்டர்கிரீன் என்னும் கௌல்தீரியா ஃபிராக்ரன்டிசிமாவை அறிய ஓர் இலை போதும். கசக்கியதும் வலித் தைல வாசனை கும்மென்று ஏறும். கசக்காத இலையில் வாசனையே இராது. அந்த வாசனைப் பொருளான மெத்தில் சாலிசிலேட் இலைக்குள் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. இலை நசுங்கினால்தான் நொதி அதைப் பிரித்துவிடும். தைலம் வடிப்பவர்கள் இலையை நறுக்கி வெதுவெதுப்பான நீரில் ஊறப்போடுவது இதற்காகவே. யூகலிப்டஸ் தைலம் நீரில் மிதக்கும், இது அடியில் தங்கும். பூச மட்டுமே உகந்தது. 5 மி.லி. உள்ளே போனால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

ஏப்ரல் 13
பக்கத்திலேயே வாக்சினியம் லெஷனால்டி, புளூபெரி இனத்துச் செடி. பலரும் ஏமாறும் இடம் இது. இரண்டிலும் கவிழ்த்த குடம்போல் சிறு பூக்கள், இரண்டும் எப்போதும் பச்சை. விண்டர்கிரீன் இலையின் அடியில் ஊசி குத்தியதுபோல் பழுப்புப் புள்ளிகள்.

காய் கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். கருநீலமாகத் திரண்டிருப்பது பழமல்ல, சதைபிடித்த புல்லிவட்டம். அதைப் பிரித்தால் உள்ளே விதைப்பெட்டி இருக்கும். வாக்சினியத்தில் பழமே சதை. புல்லி அதன் நுனியில் முடிபோல் நிற்கும்.

ஜூன் 21
குச்சி வெட்டி நடுதல். காப்புக்காட்டுச் செடியைத் தொடக்கூடாது. தோட்டத்துத் தாய்ச்செடியில் மட்டும் எடுக்க வேண்டும். இந்த ஆண்டுத் தளிர், அடி சற்று முற்றியது, 8 முதல் 10 செ.மீ. மேலே மூன்று இலை விட்டு மற்றதைக் கிள்ளி, அடியை வேர்விடத் தூண்டும் ஐபிஏ (IBA) 3000 பிபிஎம் தூளில் தொட்டு நட வேண்டும். கலவையில் சலித்த ஸ்ஃபாக்னம் பாசி ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் ஒரு பங்கு. மேலே பாலித்தீன் மூட்டம். வேர் வர 6 முதல் 10 வாரம் ஆகலாம். நடுவில் பிடுங்கிப் பார்க்கவே கூடாது, தலைமயிர் போன்ற வேர் அறுந்துவிடும்.

ஆகஸ்ட் 4
தொட்டிச் செடியில் தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. உரம் போதவில்லை என்று தோன்றும். பெரும்பாலும் குற்றம் தண்ணீரில்தான். விண்டர்கிரீனும் வாக்சினியமும் அடங்கிய குடும்பத்துக்கு மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) 4.5 முதல் 5.5 வேண்டும். சுண்ணாம்புள்ள போர்த் தண்ணீர் வாராவாரம் அதை ஏற்றும். இரும்பு மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாது. முதலில் மழைநீருக்கு மாற வேண்டும். உடனடித் தேவைக்கு இரும்பு செலேட், அதாவது வேர் உறிஞ்சும் வடிவிலுள்ள இரும்பு; பிஎச் 7-ஐத் தாண்டியிருந்தால் இடிடிஏ (EDTA) வகை பயன்படாது, இடிடிஎச்ஏ (EDDHA) வகை வேண்டும். கந்தகத் தூள் சதுர மீட்டருக்கு 50 கிராம் போடலாம், ஆனால் நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்க மாதங்கள் பிடிக்கும். அடுப்புச் சாம்பல், எலும்புத் தூள், பச்சைச் சாணம் மூன்றும் கிட்டே வரக்கூடாது.

ஆகஸ்ட் 19
இன்னொரு தொட்டி: மண் ஈரம், இலை வாடல். மேலும் தண்ணீர் ஊற்றினால் செத்துவிடும். வேர் அழுகிப் பழுப்பாகியிருந்தால் ஃபைட்டோப்தோரா என்னும் வேரழுகல் நோய்க்கிருமி. வடிகால் துளை அடைத்திருந்தது. அந்த மண்ணை மறுபடி பயன்படுத்தக்கூடாது.

அக்டோபர் 9
விதை தூசிபோல் இருக்கும். திரண்ட காயை நீரில் பிசைந்து விதையைக் கழுவி, உலர்த்தி, உலர் மணலோடு கலந்து மேற்பரப்பில் தூவ வேண்டும். மூடக்கூடாது, முளைக்க வெளிச்சம் தேவை. தட்டை நீரில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏற்ற வேண்டும். பூவாளியால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

டிசம்பர் 18
புல்வெளியில் உறைபனி. இளஞ்செடிகளுக்கு மாலையில் சாக்கு போர்த்தி, வெயில் வந்ததும் எடுக்க வேண்டும். அடியில் பைன் ஊசியிலை 5 செ.மீ., தண்டைத் தொடாமல். வேர் மேலாக ஓடுவதால் களைக்கொத்து வேண்டாம், களையைக் கையால் பிடுங்க வேண்டும்.