கண்ணுக்கு என்ன கேடு?

சென்னையிலிருந்து வந்திருந்த மேக்கப் பெண் என் தங்கையின் தாடையை நிமிர்த்திப் பார்த்தாள். "இவங்களுக்கு ஹூடட் ஐஸ்" என்றாள். செட்டிநாட்டுப் பள்ளத்தூர் வீட்டில், திருப்பூட்டுக்கு, அதாவது தாலி கட்டுக்கு, நேரம் நெருங்கும் வேளையில் சொல்கிற பேச்சா இது?

"கண்ணுல என்னடி கோளாறு?" என்று அப்பத்தா கேட்டதும் சித்திக்கு முகம் வெளிறிவிட்டது. சங்கதி உள்முற்றத்து வளவுக்குப் போனது. பேங்க்கில் இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா, "ஹூட்னா நாகப்பாம்பு எடுக்குற படம்" என்றார். டெக்சாஸ் அண்ணன், "எங்க ஊர்ல கார் பானட்டைத்தான் ஹூட்னு சொல்லுவோம்" என்றான். (டெக்சாஸ் எப்போது அவன் ஊரானது என்பது தனிக்கதை.) பேச்சு சமையல்கட்டு வரை போய்த் திரும்பியபோது பெண்ணுக்கு நாகதோஷமே வந்துவிட்டது.

மேக்கப் பெண் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு விளக்கினாள். புருவ எலும்புக்குக் கீழே இருக்கும் தோல் கொஞ்சம் இறங்கி மேல் இமையின் மடிப்பை மூடியிருக்கும்; கண்ணைத் திறந்தால் இமை சரியாகத் தெரியாது. நோயெல்லாம் இல்லை. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வயதாகித் தோல் தளர்ந்தாலும் வரும். இமையைத் தூக்கும் தசையே வலுவிழந்து இமை சரிவது வேறு, அதற்குத்தான் டாக்டர். இந்தக் கண்ணுக்கு நேரே பார்க்கச் சொல்லி ஐலைனர் போட வேண்டும். மூடிய கண்ணில் இழுத்தால், திறந்ததும் கோடு மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளுமாம்.

'பரம்பரை' என்ற சொல்லில் சித்திக்கு உயிர் வந்தது. "அப்ப இது உங்க பக்கம்தான்" என்று சித்தப்பாவைப் பார்த்தார். எல்லோரும் பட்டாலைச் சுவரை அண்ணாந்து பார்த்தோம். 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பிய பாட்டையா, அவருக்குப் பக்கத்தில் ஐயா, அப்புறம் பெரிய பெரியப்பா. சட்டத்துக்குள் இருந்த அத்தனை பேருக்கும் இதே கண். வட்டிக் கணக்குப் பார்த்து அசந்த கண் என்றல்லவா நினைத்திருந்தோம்!

அப்பத்தா ஐயாவின் படத்தையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப இவுக முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாகளா? தூங்கிட்டாகன்னு நெனச்சுல்ல எங்க ஆத்தா ரெண்டாந்தரம் காபி கொடுத்துவிட்டாக!"