வெண்கட்டியைப் பிடுங்கிய நாள்

திருகோணமலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். பயிற்சிக்கு வரும் புது ஆசிரியரின் வகுப்பில் இருந்து கவனித்து வழிகாட்டும் ‘வழிகாட்டி ஆசிரியர்’ பொறுப்பு முதன்முறை கிடைத்த ஆண்டில் நான் செய்த பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

கல்வியியற் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து, மூன்றாம் ஆண்டுக் கட்டுறுபயில்வுக்கு, அதாவது பாடசாலையில் கற்பித்துப் பழக, மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து ஓர் இளம் பயிலுநர் வந்திருந்தார். ‘வெப்பம்’, ‘வெப்பநிலை’ இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னார். பின்வாங்கிலிருந்து எழுந்துபோய், அவர் கையிலிருந்த வெண்கட்டியை வாங்கி நானே விளக்கிவிட்டேன். விளக்கத்தில் பிழையில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துப் படிப்பித்தார். பிள்ளைகளும் சந்தேகம் என்றால் என் பக்கம் திரும்பினார்கள். அதைச் சீர்செய்ய ஒரு தவணை போயிற்று.

இப்போது கொப்பியில் நடுக்கோடு போட்டு, இடப்பக்கம் நேரத்தையும் வலப்பக்கம் பிள்ளைகள் செய்ததையும் மட்டும் எழுதுகிறேன். “9.10 மூன்றாம் வரிசை காகம் பார்க்கிறது. 9.14 கேள்விக்கு ஒரு கைதான் உயர்ந்தது.” நன்று, குறை என்று ஒரு சொல்லும் இல்லை. பாடம் முடிந்ததும் கொப்பியைப் பயிலுநரிடமே கொடுத்து, “9.14இல் என்ன நடந்தது?” என்று கேட்பேன். பெரும்பாலும், பிள்ளைகளிடம் கேள்வி கேட்ட வாய் மூடுமுன் விடையையும் அவரே சொல்லியிருப்பார். ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் ஒரு வினாடியளவே காத்திருக்கிறார்கள், மூன்று வினாடி பொறுத்தால் பிள்ளைகளின் விடைகள் நீள்கின்றன என்று 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ ஆய்ந்து காட்டினார். மூன்று வினாடிதானே என்று எண்ண வேண்டாம். வகுப்பின் முன்னால் அது ஒரு யுகம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கன்னியா வெந்நீரூற்றுக் கிணறுகள் இருக்கின்றன. சென்ற ஆண்டு இன்னொரு பயிலுநரின் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: “கன்னியாவில் ஏழு கிணறும் கிட்டக்கிட்டத்தானே இருக்கின்றன, ஏன் ஒரே சூடு இல்லை?” “அது பாடத்தில் இல்லை” என்று அவர் கடந்துவிட்டார். எனக்கு நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டு கொப்பியில் எழுதினேன். இடைவேளையில் அந்த வரியைப் படித்தவர் தலையில் கைவைத்துச் சிரித்தார். அந்த ஞாயிறு ஆய்வுகூட வெப்பமானியோடு கன்னியாவுக்கே போய், ஏழு கிணற்றின் அளவீடுகளையும் எடுத்துவந்தார். அடுத்த பாடம் அந்த அட்டவணையிலிருந்து தொடங்கியது. நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஒரு வேலை மட்டும் வழிகாட்டி ஆசிரியர்களான நாம் வாய் திறந்தே செய்ய வேண்டியது. ஆசிரியர் வராத வகுப்புகளுக்கெல்லாம் பயிலுநரை அனுப்பிவிடுவார்கள், பாடக்குறிப்பு எழுத அவருக்கு நேரமிருக்காது. வந்த புதிதில் அதிபரிடம் மறுத்துச் சொல்ல அவருக்கு எங்கே துணிவு வரும்? முதல் வாரத்திலேயே நீங்கள் போய்ப் பேசிவிடுங்கள்.