சென்சார் சொன்ன 34

போன கோடையில் என் தக்காளிச் செடிகள் வாடிக்கொண்டிருந்த நாட்களிலெல்லாம் போனில் இருந்த செயலி எல்லாம் நலம் என்றுதான் காட்டியது. மண் ஈரம் 34 சதவீதம், பச்சை வட்டம், அதற்குள் ஒரு டிக் குறி. நானும் நம்பினேன். நம்பினேன் என்பதைவிட நம்புவது வசதியாக இருந்தது என்று சொல்வதுதான் சரி, ஏனென்றால் வெயில் கொளுத்தியது, வேலை தலைக்கு மேல் கிடந்தது, வயலின் கடைசி வரை நடக்காமல் இருக்கத்தானே மண்ணில் நடும் இந்தச் சென்சாரை வாங்கினோம் என்று உள்ளுக்குள் ஒரு சமாதானமும் ஓடிக்கொண்டிருந்தது. வேலிக் கம்பி ஒன்று அறுந்துவிட்டதென்று கட்டப் போனபோதுதான் தற்செயலாகக் கண்ணில் பட்டது. வரிசைகளின் வால் பக்கத்தில் செடிகள் தலை தொங்கி நின்றன. பூ உதிர்ந்திருந்தது. பிடித்திருந்த கொஞ்சக் காயும் அடிப்பக்கம் கறுத்துப் போயிருந்தது.

சென்சாரைப் பிடுங்கி எறியத்தான் முதலில் தோன்றியது. அப்புறம் உட்கார்ந்து யோசித்தால் அது பொய்யே சொல்லவில்லை. நான் அதை நட்டிருந்தது வால்வுக்குப் பக்கத்தில், முதல் வரிசையில், சொட்டுநீர்க் குழாயின் மூன்றாவது டிரிப்பருக்கு, அதாவது தண்ணீர் சொட்டும் முனைக்கு, நேர் கீழே. குழி தோண்ட வசதியான இடம் என்பதைத் தவிர அந்த இடத்துக்கு வேறு தகுதி கிடையாது. இந்த வகைச் சென்சார் மண்ணின் மின்தேக்குத் திறனை அளந்து அதிலிருந்து ஈரத்தைக் கணக்கிடுகிறது, அதுவும் தன்னைச் சுற்றிச் சில சென்டிமீட்டர் தூரத்துக்கு மட்டும். இரண்டு கையால் அள்ளினால் வருகிற மண், அவ்வளவுதான் அதன் உலகம். அந்த மண்ணில் 34 சதவீதம் ஈரம் இருந்தது உண்மை. அங்கே நனைந்ததும் வால்வை மூடிவிடு என்று ஆணை கொடுத்து வைத்திருந்தவன் நான். வால் பக்கத்தில் பாதி டிரிப்பர்கள் அடைத்துக் கிடந்தது அதற்கு எப்படித் தெரியும்?

அடைப்புக்குக் காரணமும் ரகசியம் ஒன்றுமில்லை. டிரிப்பருக்குள் தண்ணீர் போகும் பாதை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கிணற்றுத் தண்ணீர் வெயிலில் குழாயோடு சேர்ந்து சூடாகும்போது அந்தச் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். இரும்பு இருந்தால் செம்பழுப்புக் குழம்பாக வரும். திறந்த தொட்டியில் தேக்கினால் பாசி. குழாயின் கடைசியில் தண்ணீரின் வேகம் குறைவதால் வடிகட்டியைத் தாண்டி வந்த நுண்ணிய வண்டலெல்லாம் அங்கேதான் போய் உட்காரும். அதனால்தான் செடி வரிசையோடு ஓடும் லேட்டரல் குழாய்களின் கடைசி மூடியை அவ்வப்போது கழற்றிவிட்டுத் தண்ணீர் தெளிவாக வரும்வரை ஓடவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் இரண்டு மாதமாக அதைச் செய்யவில்லை. இஸ்ரேலில் சிம்கா பிளாஸ் வடிவமைத்த பிளாஸ்டிக் சொட்டு முனைகள் விற்பனைக்கு வந்தது 1960-களில். அறுபது ஆண்டு ஆகிவிட்டது, செயலி வந்துவிட்டது, தானியங்கி வால்வு வந்துவிட்டது, ஆனாலும் இந்த முறைக்கு முதல் எதிரி இன்றைக்கும் அடைப்புதான், அதைச் சரிசெய்ய இன்றைக்கும் ஒரு ஆள் குனிந்தாக வேண்டும்.

இதில் என்னை உறுத்தியது செடி போனதுகூட இல்லை, நான் நடக்காமல் போனதுதான். சென்சார் இல்லாத காலத்தில் தினமும் ஒரு சுற்று வருவேன். எதையும் குறிப்பாகத் தேடுவதில்லை, சும்மா வருவதுதான், ஆனால் அந்தச் சும்மாவில் கசிகிற குழாய், மறுபக்கம் சுருண்ட இலை, எலி தோண்டிய வரப்பு எல்லாம் மாட்டும். எண் வந்ததும் கால் நின்றுவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு புதுக் கருவியையும் ஒரே கேள்வியோடுதான் பார்க்கிறேன்: இது என்னை எங்கே நடக்கச் சொல்கிறது, அல்லது நடக்கவே வேண்டாம் என்கிறதா?

அந்தக் கணக்கில் செயற்கைக்கோள் படத்துக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015-லும் 2017-லும் மேலே போனவை. இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தை ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறை படமெடுத்தன, படங்கள் எல்லோருக்கும் இலவசம். நல்ல பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அடிக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணாக்கினால் என்.டி.வி.ஐ. என்ற அளவு கிடைக்கிறது. வயலில் எந்த மூலை சோர்ந்திருக்கிறது என்பது பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். ஏன் சோர்ந்திருக்கிறது என்பது தெரியாது. தண்ணீர் கூடினாலும், குறைந்தாலும், தழைச்சத்து இல்லாவிட்டாலும், பூச்சி தின்றாலும் படத்தில் அதே மஞ்சள்தான். ஒரு புள்ளி என்பது பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது ஒரு ஏக்கரில் நாற்பது புள்ளிகள்தான் வரும், அதில் ஒரு புள்ளி வரப்பையும் மரத்தையும் சேர்த்து விழுங்கியிருக்கலாம். மேகம் மூடினால் அதுவும் இல்லை, மழைக்காலத்தில் நோய் பரவுகிற நேரத்தில்தான் மேகமும் மூடும். பயிர் அடர்ந்து மூடிக்கொண்ட பிறகு எண் உச்சத்தில் போய் நின்றுவிடும், அதற்கு மேல் நல்ல பயிருக்கும் மிக நல்ல பயிருக்கும் வித்தியாசம் தெரியாது. இத்தனை குறையோடும் இது எனக்குப் பயன்பட்டிருக்கிறது. ஒருமுறை படத்தில் மங்கலாகத் தெரிந்த மூலையைப் போய்த் தோண்டினால் புதைத்த குழாயில் கசிவு, வேரெல்லாம் அழுகிக்கொண்டிருந்தது. படம் மூலையைக் காட்டியது, மண்வெட்டி காரணத்தைக் காட்டியது.

இலையைப் படமெடுத்தால் நோயின் பெயர் சொல்லும் செயலிகள் கதை வேறு. ஒரே இலையைக் காலையில் எடுத்தபோது ஒரு பெயரும், மாலை வெளிச்சத்தில் எடுத்தபோது இன்னொரு பெயரும் எனக்கு வந்தன, இரண்டுக்கும் பக்கத்தில் தெளிக்க வேண்டிய மருந்தின் படம் பளிச்சென்று இருந்தது. இது ஏன் என்று தேடியபோது 2016-இல் வந்த ஒரு ஆய்வைப் படித்தேன். பிளான்ட்வில்லேஜ் என்ற தொகுப்பில் உள்ள 54,306 இலைப் படங்களைக் கொண்டு, 14 பயிர்கள், 26 நோய்கள் என்று ஒரு கணினி மாதிரியைப் பயிற்றுவித்தார்கள். அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கி வைத்த படங்களில் சோதித்தால் 99.35 சதவீதம் சரி. வேறு இடங்களில் வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது 31 சதவீதத்தை ஒட்டி விழுந்துவிட்டது. ஆய்வாளர்களே இதை மறைக்காமல் எழுதியிருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். தொகுப்பில் இருந்தது, பறித்துத் தனியாக ஒரே நிறப் பின்னணியில் வைத்த இலை. என் வயலில் இலைக்குப் பின்னால் இன்னொரு இலை, மேலே தூசி, பாதி நிழல், ஒரே இலையில் பூச்சிக் கடியும் புள்ளிநோயும் சேர்ந்தே இருக்கும். அதற்குப் பிறகு மாதிரிகள் எவ்வளவோ முன்னேறியிருக்கின்றன, சரிதான். ஆனால் பெட்டியில் 99 என்று போட்டிருந்தால் எந்தப் படங்களில் 99 என்று நான் இப்போது கேட்கிறேன்.

மருந்து தெளிக்கும் ட்ரோன் பற்றி எல்லோரும் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாக. விளம்பரத்தில் அது பத்து நிமிடம் பறக்கும். நிஜத்திலும் நிறைந்த டேங்கோடு ஏறத்தாழ பத்து நிமிடம்தான் பறக்கும், அப்புறம் பேட்டரி மாற்ற வேண்டும், மாற்றியதைச் சார்ஜ் செய்ய வரப்பில் ஒரு ஜெனரேட்டர் ஓட வேண்டும், அது விளம்பரத்தில் வராது. காற்று கொஞ்சம் கூடினாலும் நுண்துளிகள் பக்கத்து வயலுக்குப் போய்விடும். குறைந்த தண்ணீரில் மேலிருந்து தெளிப்பதால் இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சிக்கு எட்டாமலும் போகலாம். ஆனால் சேற்றில் டிராக்டர் இறங்க முடியாத நாளில், ஆள் உயரம் வளர்ந்த மக்காச்சோளத்துக்குள், முதுகில் டேங்கைச் சுமந்து மருந்தில் நனைந்துகொண்டே ஒருவர் நடக்க வேண்டியதில்லை என்பது சாதாரண விஷயம் இல்லை. இந்த ஒன்றுக்காகவே நான் அதை வாடகைக்கு எடுப்பேன். வாங்க மாட்டேன்.

பெரிய பண்ணைகளில் நிஜமாகவே வேலையை மாற்றியது ஜி.பி.எஸ். வழிகாட்டும் டிராக்டர்தான். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்து வைத்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நீக்கியது. அதன்மேல் தரையில் ஒரு திருத்த நிலையத்தைச் சேர்த்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துல்லியம் வரை வந்துவிடுகிறது. ஒரே சாலில் இரண்டு முறை விதைப்பதும் இடையில் விட்டுப்போவதும் குறைகிறது, இரவிலும் ஓட்டலாம். சரி, இதில் என்ன சிக்கல்? 2024 மே 10 அன்று பெரிய சூரியப் புயல் ஒன்று பூமியைத் தாக்கியது. வட அமெரிக்காவில் விதைப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். வானத்தில் வண்ண ஒளி தெரிகிறதென்று ஊரே அண்ணாந்து பார்க்க, கீழே ஜி.பி.எஸ். சமிக்ஞை குழம்பியதால் டிராக்டர்கள் வழி தவறிக் கோணல் கோணலாக விதைத்தன, பலர் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். இது எப்போதோ நடப்பது. அடிக்கடி நடப்பது பழுது. ஸ்பேனரால் சரியாகும் கோளாறுக்குக்கூட மென்பொருள் பூட்டைத் திறக்க விற்பனையாளரின் ஆள் வர வேண்டும் என்ற நிலைமையை எதிர்த்து விவசாயிகள் வருடக்கணக்காகப் போராடி, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2023-இல் விவசாய இயந்திரங்களைச் சொந்தக்காரரே பழுது பார்க்கும் உரிமைக்குச் சட்டம் வந்தது. அறுவடையில் ஒரு நாள் என்பது மற்ற மாதத்து ஒரு நாள் இல்லை. அன்றைக்கு நின்றுபோன இயந்திரம் எவ்வளவு புத்திசாலியாக இருந்து என்ன?

நூறு ஏக்கரில் பிரித்துப் போட்டால் கண்ணுக்கே தெரியாத செலவு, மூன்று ஏக்கரில் கழுத்தை நெரிக்கும். அதனால் இந்தக் கருவிகளைப் பற்றிய பேச்சில் "லாபம் கூடும்" என்று யாராவது சொன்னால் எத்தனை ஏக்கருக்கு என்று முதலில் கேளுங்கள். என் வயலின் தகவல் யார் கணினியில் இருக்கிறது, சந்தா கட்டுவதை நிறுத்தினால் பழைய கணக்கு எனக்குக் கிடைக்குமா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். நான் கேட்கவில்லை. முதல் செயலி மூடப்பட்டபோது இரண்டு வருட அளவுகள் அதோடு போயின, இப்போது ஒரு நோட்டிலும் எழுதுகிறேன்.

இத்தனைக்கும் பிறகு என்னிடம் எது மிச்சம் என்று பார்த்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, அவ்வளவு சாதாரணமானவை. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு அழுத்தமானி வைத்திருக்கிறேன். இரண்டு முள்ளும் விலக ஆரம்பித்தால் வடிகட்டி அழுக்காகிவிட்டது என்று அர்த்தம், பேட்டரியும் வேண்டாம் சிக்னலும் வேண்டாம். வேர் ஆழத்தில் ஒரு டென்சியோமீட்டர். இது மண்ணில் எத்தனை சதவீதம் ஈரம் என்று சொல்லாது, வேர் அந்தத் தண்ணீரை இழுக்க எவ்வளவு கஷ்டப்படுகிறது என்பதைச் சொல்லும். செடிக்கு வேண்டிய தகவல் அதுதானே. அந்தக் கருவியின் குழாயில் தண்ணீர் குறைந்தால் நிரப்ப வேண்டும், மண் மிகவும் காய்ந்தால் உள்ளே காற்று புகுந்து வேலை செய்யாது, அந்த அளவுக்குக் காயவிட்டால் தப்பு நம்முடையது. அப்புறம் வானிலை முன்னறிவிப்பு. மருந்து தெளித்த மறுமணி நேரம் மழை பெய்து எல்லாம் கழுவிக்கொண்டு போவதிலிருந்து அது காப்பாற்றிய தடவைகளை நினைத்தால், மற்ற எல்லாக் கருவிகளையும்விட எனக்குப் பெரிய உதவி அதுதான்.

பழைய சென்சாரை எறியவில்லை. தலைப்பக்கத்திலிருந்து பிடுங்கி, கடைசி வரிசையில், கடைசிக்கு முந்தைய செடியின் வேருக்குப் பக்கத்தில், டிரிப்பரிலிருந்து ஒரு சாண் தள்ளி நட்டேன். கம்பியைச் சுற்றிக் காற்று இடைவெளி வராமல் மண்ணைக் குழைத்து ஊற்றி அழுத்தினேன். வால்வை மூடும் அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டேன், இப்போது அது எண்ணை மட்டும் அனுப்பும். முதல் வாரம் 19, 21, 20 என்று ஒழுங்காக அனுப்பியது. நேற்றிலிருந்து ஒன்றுமே வரவில்லை. போய்ப் பார்த்தேன், ஒயரை எலி கடித்திருக்கிறது. போன வழியில் நான்காவது வரிசையில் ஒரு மூடி கழன்று தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்ததையும் மாட்டிவிட்டு வந்தேன்.