எலும்பு முறிந்த இரவில் ஏறிய சர்க்கரை

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கொடைரோட்டிலிருந்து இருசக்கர வாகனத்தில் திண்டுக்கல்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த வேன் மோதியதில் என் வலது தொடை எலும்பும் மூன்று விலா எலும்புகளும் முறிந்தன. நுரையீரலிலும் அடி பட்டிருந்தது. 108 ஆம்புலன்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்த மருத்துவமனையில் விரல் நுனியைக் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 274 என்று காட்டியது. அப்போது எனக்கு வயது 47. முந்தைய ஆண்டு பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் வெறும் வயிற்றில் 96தான் இருந்தது. "இவருக்குச் சுகரே கிடையாதே டாக்டர்" என்று என் மனைவி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே இன்சுலின் ஏற்றும் பம்பைக் கட்டிலருகே கொண்டுவந்து வைத்தார்கள். சர்க்கரை நோயால் என் தந்தை ஒரு பாதத்தை இழந்தவர் என்பதால், முறிந்த காலைவிட அந்த எண்தான் என்னை அதிகமாகக் கலங்கடித்தது.

மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பலத்த காயம் பட்டவுடன் அட்ரீனலின், கார்டிசால், குளுக்ககான் ஆகிய ஹார்மோன்கள் பெருகுகின்றன. கல்லீரல் தன் சேமிப்பிலுள்ள சர்க்கரையை வெளிவிடுவதோடு, தசையின் புரதத்தை உடைத்தும் புதிதாகச் சர்க்கரை செய்கிறது. நசுங்கிய திசுக்களிலிருந்து கிளம்பும் அழற்சிப் பொருள்களோ, தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்க்காதபடி செய்துவிடுகின்றன. மூளைக்கும், காயத்தைச் சுற்றித் திரளும் வெள்ளணுக்களுக்கும் சர்க்கரையை உள்ளிழுக்க இன்சுலின் தேவையில்லை என்பதால், தசைக்குப் போகாமல் தேங்கும் சர்க்கரை அவற்றுக்குக் கிடைக்கிறது. உயிரைக் காக்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. இரத்தம் இழந்த விலங்குகளில் சர்க்கரை ஏறுவதைப் பிரெஞ்சு உடலியலாளர் குளோட் பெர்னார் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார் என்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அப்படியானால் விட்டுவிடலாமே என்று கேட்டேன். அளவு மீறினால் அதே வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்லும் திறனை இழந்து புண் சீழ் பிடிக்கும் என்றார். 140க்கும் 180க்கும் இடையில் வைத்திருப்பதே அவர்கள் இலக்கு. நூறுக்குக் கொண்டுவந்தால் இன்னும் நல்லதல்லவா என்று என் தம்பி வாதாடினான். பெல்ஜியத்தின் லூவன் நகரில் 2001இல் நடந்த ஆய்வுக்குப் பிறகு உலகெங்கும் அப்படித்தான் செய்தார்கள் என்றும், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியான பெரிய ஆய்வில், சர்க்கரையை அவ்வளவு இறுக்கிப் பிடித்த பிரிவில்தான் மரணங்கள் கூடுதல் என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டார்கள் என்றும் அவர் சொன்னார்.

அந்தக் கூற்றின் பொருளை மூன்றாம் நாள் இரவு என் உடலே உணர்ந்தது. மறுநாள் அறுவை சிகிச்சை இருக்கலாம் என்று உணவை நிறுத்தியவர்கள், இன்சுலினின் அளவைக் குறைக்க மறந்துவிட்டார்கள். அதிகாலை மூன்று மணிக்கு உடல் வியர்த்து நனைந்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. செவிலியர் ஓடிவந்து பார்த்தபோது சர்க்கரை 58. நரம்பு வழியே குளுக்கோஸ் செலுத்திய சில நிமிடங்களில் தெளிந்தேன். உணவை நிறுத்தும்போதெல்லாம் இன்சுலினை என்ன செய்கிறார்கள் என்று உடனிருப்பவர் கேட்க வேண்டும் என்பதை அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

அறுவை சிகிச்சையும் மறுநாள் நடக்கவில்லை. முதல் இரவிலேயே தொடைக்கு வெளியே கம்பிச் சட்டம் பொருத்தி எலும்பை அசையாமல் நிறுத்தியிருந்தார்கள். காயம்பட்ட இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை அழற்சி உச்சத்தில் இருக்கும்போது எலும்புக்குள் ஆணி செலுத்தினால், அது உடலுக்கு இரண்டாவது அடியாகி, ஏற்கெனவே அடிபட்ட நுரையீரலைச் செயலிழக்கச் செய்யலாம் என்று எலும்பு மருத்துவர் காத்திருக்கச் சொன்னார். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனையில் எனக்கு இரண்டாம் நாள் 198, நான்காம் நாள் 131, ஆறாம் நாள் 64. இன்சுலின் தேவையும் அதோடு சேர்ந்தே இறங்கியது: மணிக்கு 5 யூனிட்டில் தொடங்கியது ஒன்றுக்கு வந்தது. ஏழாம் நாள் ஆணி பொருத்தினார்கள்.

பன்னிரண்டாம் நாள், இன்சுலின் இல்லாமலேயே 130இல் நின்றிருந்த சர்க்கரை திடீரென 215க்கு ஏறியது. வீட்டிலிருந்து வந்த இட்லிமேல் பழி விழுந்தது. ஆனால் மருத்துவர் உணவைப் பற்றிக் கேட்கவே இல்லை. கட்டைப் பிரித்து, பழைய கம்பி நுழைந்திருந்த துளையில் சீழ் இருப்பதைக் கண்டுபிடித்தார். காய்ச்சல் மறுநாள்தான் வந்தது. கிருமித் தொற்றை வெப்பமானிக்கு முன்பே சர்க்கரை அறிவித்துவிட்டது.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டா என்ற கேள்விக்கு விடை சொன்னது, முதல் இரவில் இரத்தம் ஏற்றுவதற்கு முன்பே எடுத்து வைத்த மாதிரி. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி. அதில் 5.6தான், 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் நோய். பிறருடைய இரத்தம் ஏறிய பிறகு எடுத்திருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. பக்கத்துக் கட்டிலில் இருந்த கட்டடத் தொழிலாளிக்கு அதே பரிசோதனையில் 9.4 வந்தது, அவருக்கு நெடுநாளாகவே நோய் இருந்திருக்கிறது, விபத்து அதை வெளிக்காட்டியது. இருவருக்கும் முதல் இரவில் ஏறத்தாழ ஒரே சர்க்கரைதான்.

அப்படியிருந்தும் என் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'நீரிழிவு நோயாளி' என்றே எழுதி, மெட்ஃபார்மின் மாத்திரையும் சேர்த்திருந்தார்கள். அந்த ஒற்றைச் சொல் காப்பீட்டிலும் இனி வரும் ஒவ்வொரு மருத்துவரின் பார்வையிலும் என்னைத் தொடரும் என்பதால் நான் அதை விடவில்லை. வீட்டருகே உள்ள மருத்துவரிடம் காட்டியபோது, முதல் நாள் அறிக்கையைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தி, வீட்டிலேயே வாரமிருமுறை பார்த்துவரச் சொன்னார். மூன்று மாதம் கழித்து 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையில் வெறும் வயிற்றில் 94, இரண்டு மணி நேரத்தில் 131. காயத்தின்போது சர்க்கரை ஏறியவர்களுக்குப் பிற்காலத்தில் நோய் வரும் வாய்ப்பு கூடுதல், அதிலும் தந்தைக்கு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும் என்று எச்சரித்தார். முடிவுகளை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்று, மூன்றாவது முறை போனபோதுதான் திருத்திக் கொடுத்தார்கள்: 'காயத்தால் ஏற்பட்ட தற்காலிக உயர் சர்க்கரை, ஆண்டுதோறும் பரிசோதனை தேவை.' அந்தத் தாளை என் மருத்துவக் கோப்பின் முதல் பக்கமாக வைத்திருக்கிறேன்.