முல்லைக்கு ஒரு கூபே

பெரிய நாயை ரயிலில் அழைத்துச் செல்ல முடியாது என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். முடியும். இந்திய ரயில்வேயின் விதிகளே அதற்கு இடம் தந்திருக்கின்றன. ஆனால் அந்த இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பது, வண்டி கிளம்பும் நாள் வரைக்கும் தெரியாது. எங்கள் வீட்டு ராஜபாளையம் பெண் நாய் முல்லையை, சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் அழைத்துச் சென்று வருகிறோம். மதுரையில் என் அம்மா இருக்கிறார். காரில் போனால் முல்லைக்குச் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் வாந்தி வந்துவிடும். அதன் பிறகு திருச்சி வரை எச்சில் ஒழுக ஒழுகத் தலையைத் தொங்கப்போட்டபடியே வருவாள். ரயிலில் அவளுக்கு அந்தத் தொல்லை இல்லை. பெரிய நாய் வளர்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி இதைப் பற்றிக் கேட்பதால், தெரிந்தவற்றை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நாயை நம்முடனேயே பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் அது முதல் வகுப்பில்தான் முடியும். அதிலும் இரண்டு பேருக்கான கூபேயோ நான்கு பேருக்கான கேபினோ முழுவதுமாக நம் கையில் இருந்தால்தான் நிம்மதியாகப் போகலாம். இரண்டடுக்கு ஏசி, மூன்றடுக்கு ஏசி, ஸ்லீப்பர், சேர் கார், பொதுப் பெட்டி எதிலும் அனுமதி இல்லை. முன்பதிவு செய்யாமல் ஏற்றிப் பிடிபட்டால் லக்கேஜ் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு வசூலிப்பார்கள். நாயையும் கார்டு இருக்கும் பெட்டியான பிரேக் வேனுக்கு மாற்றிவிடுவார்கள். கூடையில் அடங்கும் குட்டி நாய்க்கு மட்டும் எல்லா வகுப்பிலும் சலுகை உண்டு. தோளுயரமே இரண்டடிக்கு மேல் இருக்கும் ராஜபாளையத்துக்கு அந்தச் சலுகை குட்டியாக இருக்கும் சில வாரங்களுக்குத்தான் பயன்படும்.

சிக்கல் கூபேயில்தான் இருக்கிறது. முழு முதல் வகுப்புப் பெட்டியான எச்1இல் பொதுவாக 24 படுக்கைகள் இருக்கும். கேபின்களும் சில கூபேக்களும் கலந்திருக்கும். இரண்டடுக்கு ஏசியுடன் சேர்ந்து பாதிப் பெட்டியாக வரும் எச்ஏ1இல் படுக்கைகள் 10தான். கூபே ஒன்றே ஒன்று. நாம் இணையத்தில் இரண்டு டிக்கெட் எடுத்தாலும் பிஎன்ஆரில் உறுதி என்று வருமே தவிர, எந்தக் கூபே, எந்தப் படுக்கை என்று வராது. பயணிகளின் இறுதிப் பட்டியலான சார்ட் போடும்போதுதான் அதை ஒதுக்குவார்கள். அமைச்சர்கள், நீதிபதிகள், உயரதிகாரிகள் பயணம் செய்யும் வகுப்பு என்பதால், ஒதுக்கீட்டில் அவர்களுக்கே முன்னுரிமை. எனவே டிக்கெட் எடுத்த கையோடு, நாயுடன் பயணம் செய்கிறோம், கூபே ஒதுக்கித் தாருங்கள் என்று ரயில்வே கோட்டத்தின் வணிகப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதி, டிக்கெட் நகலையும் நாயின் தடுப்பூசிப் புத்தக நகலையும் இணைத்து, நேரில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது. பயணத்துக்கு முதல் நாள் அங்கே ஒருமுறை நினைவூட்டுவதும் நல்லது. இவ்வளவு செய்த பிறகும் கிடைக்காமல் போகலாம். தனியாகப் பயணம் செய்பவரின் பாடு இன்னும் கஷ்டம். கூபேயின் இரண்டாவது படுக்கைக்கும் துணைக்கு ஓர் ஆள் இருந்தாக வேண்டும்.

எங்களுக்கே ஒருமுறை அப்படி நடந்தது. சார்ட் வந்தபோது, நானும் என் கணவரும் நான்கு பேர் கேபினில் இருந்தோம். எதிர்ப் படுக்கைகள் ஒரு வயதான தம்பதிக்கு. சக பயணிகள் சம்மதித்தால் நாய் அதே கேபினில் வரலாம் என்று விதி சொல்கிறது. நிலையத்தில் அவர்களைப் பார்த்துப் பேசினோம். அந்தப் பெரியவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அவருடைய மனைவி முல்லையைப் பார்த்ததுமே இரண்டடி பின்னால் நகர்ந்து, “எனக்கு நாய்னாலே சின்ன வயசுலேர்ந்து பயம்மா, ராத்திரி முழுக்க எப்படி?” என்று கேட்டார். அதற்கு மேல் அவரை வற்புறுத்துவது முறையில்லை. தெருவுக்குத் தெரு நாய்க்கடி நடக்கும், வெறிநாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருக்கும் நாட்டில், நாய்க்குப் பயப்படுவதில் ஒரு தவறும் இல்லை. மூடிய கதவுக்குள் அறிமுகமில்லாத பெரிய நாயுடன் இரவைக் கழிக்கச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. நாங்கள் வீடு திரும்பிவிட்டோம். சார்ட் போட்ட பிறகு ரத்து செய்யும் டிக்கெட்டில் பணம் திரும்பாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முல்லையை நாய்ப்பெட்டியில் போட்டு, நீங்கள் அந்தக் கேபினிலேயே போயிருக்கலாமே என்று பிறகு ஒருவர் கேட்டார். விதிப்படி போயிருக்கலாம்தான். ஆனால் அந்த நாய்ப்பெட்டியை ஒருமுறை அருகில் நின்று பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். வண்டியின் கடைசியில், கார்டு பயணம் செய்யும் பெட்டியில் (கார்டு என்ற பதவிக்கு 2022 முதல் ரயில் மேலாளர் என்று பெயர்) நாய்க்கென்று ஓர் இரும்பு அறை உண்டு. நான் பார்த்ததில் தரையும் சுவரும் வெறும் தகடு. காற்றுக்குச் சட்டங்கள் வைத்த சிறிய கதவு. அதையும் வெளியிலிருந்துதான் திறக்க முடியும். முல்லை அதற்குள் தலையை நிமிர்த்தி நிற்க முடியாது; ஒருமுறை முழுதாகத் திரும்பிப் படுக்கவும் முடியாது. நான் கதவைப் பிடித்துப் பார்த்தபோது, பகல் வெயில் பட்ட தகட்டில் கையை வைத்திருக்க முடியவில்லை. இரவில் வெப்பம் தணியலாம், சத்தம் தணியாது. இரும்பின் மேல் இரும்பு உரசும் ஒலியும் பிரேக் பிடிக்கும்போது வரும் இழுப்பும் அந்தத் தகட்டுக்குள் எப்படி எதிரொலிக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான காது நாய்க்கு.

அதைவிடவும் என்னை உறுத்துவது தூரம். நாயைக் கவனிப்பதும் தண்ணீர் வைப்பதும் உரிமையாளரின் பொறுப்பு. நீண்ட வண்டி என்றால் இருபது பெட்டிகளுக்கு மேல் இருக்கும். ஒரு பெட்டி ஏறக்குறைய 24 மீட்டர். நம் பெட்டி முன்பக்கம் அமைந்துவிட்டால், வாலில் இருக்கும் நாய்க்கும் நமக்கும் இடையில் அரை கிலோமீட்டர் வந்துவிடும். விழுப்புரத்தில் வண்டி நிற்கும் சில நிமிடங்களில் அங்கே ஓடி, கதவைத் திறக்கச் சொல்லி, தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பி ஓடி வர யாரால் முடியும்? அந்த அவசரத்தில் மிரண்ட நாய் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு தண்டவாளத்தில் குதித்துவிட்டால் அதோடு முடிந்தது. சிறிய நாய்க்கு நாய்ப்பெட்டி கொடுமை என்றால் பெரிய நாய்க்கு அது ஆபத்து. கூபே கிடைக்கவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்பதே எல்லோருக்கும் நான் சொல்லும் யோசனை.

கூபே கிடைத்துவிட்டால் அடுத்த கட்டம், நாயைப் பதிவு செய்யும் பார்சல் அலுவலகம். வண்டி புறப்படும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே நாயுடன் அங்கே போய்விட வேண்டும். டிக்கெட், அடையாள அட்டை, ரேபிஸ் தடுப்பூசி போட்ட பதிவு, பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு கால்நடை மருத்துவர் கொடுத்த உடல்தகுதிச் சான்றிதழ், இவற்றின் நகல்கள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். சான்றிதழில் இனம், நிறம், பாலினம், வயது எழுதியிருக்கிறதா என்று மருத்துவமனையை விட்டு வெளியே வருமுன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிலையத்தில், நாயை உள்ளே விடவே முடியாது, வேனில்தான் போட வேண்டும் என்று எழுத்தர் ஒருவர் அடித்துச் சொன்னார். கோபப்படாமல், அச்சிட்டு வைத்திருந்த விதியின் பக்கத்தையும் கூபே எண்ணையும் காட்டினேன். உள்ளே போய் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்து ரசீது போட்டார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை; நாயுடன் முதல் வகுப்பில் போகிறவர்கள் அவரிடம் எப்போதாவதுதான் வருவார்கள். அந்த ரசீதை மட்டும் டிக்கெட்டைவிடப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், டிக்கெட் பரிசோதகரான டிடிஇ முதலில் கேட்பது அதைத்தான்.

பிளாட்பாரத்தில் காத்திருக்கும் நேரம்தான் முல்லைக்கு மிகக் கடினமானது. வாய்க்கூடு போட்டிருப்போம், துணிப் பட்டையாக இல்லாமல், வாயைத் திறந்து மூச்சு வாங்க இடம் விடும் கம்பிக்கூடாக. வெயில் நாட்டில் வாயை இறுக்கிக் கட்டினால் நாய்க்கு உடல் சூட்டை வெளியேற்ற வேறு வழி ஏறக்குறைய இல்லை. நிலையத்து நாய்கள் தூரத்தில் நின்று குரைக்கும். குழந்தைகள் “குதிரைக்குட்டி மாதிரி இருக்கு” என்று கிட்ட வரப் பார்ப்பார்கள். அப்போது சுவரோரமாக அவளை நிறுத்தி, முன்னால் நான் நின்றுகொள்வேன். வண்டி வந்ததும் எல்லோரும் ஏறும்வரை காத்திருந்து, கடைசியாக ஏறுவோம். பெட்டியின் படிகள் இடைவெளி விட்ட இரும்புப் படிகள். கீழே பார்த்தால் தண்டவாளம் தெரியும். முல்லை முன்னங்காலை முதல் படியில் வைத்துவிட்டு, பின்னங்கால்கள் நடுங்க அப்படியே நின்றுவிடுவாள். அப்போது கயிற்றைப் பிடித்து இழுத்தால் சறுக்கிவிடும். என் கணவர் மேலே ஏறி நின்று மார்புப் பட்டையின் கைப்பிடியைப் பற்றிக்கொள்ள, நான் கீழிருந்து இடுப்பை இரு கைகளாலும் தாங்கித் தூக்கிவிடுவேன். 30 கிலோவை ஒட்டிய உடம்பு அது. ஒருவரால் ஆகிற வேலையல்ல.

உள்ளே போய்க் கூபேயின் கதவைச் சாத்தியதும் அவள் மாறிவிடுவாள். எல்லா மூலையையும் ஒருமுறை மோந்து பார்ப்பாள். வீட்டில் அவள் படுக்கும் பழைய ஜமுக்காளத்தைக் கீழே விரித்து, அதன் மேல் என் நூல்சேலை ஒன்றைப் போடுவேன். ஏசிக் குளிர் தரையில்தான் அதிகம், அவளுக்கோ ஒட்டிய மயிர், கொழுப்பில்லாத உடம்பு. ரயில்வேயின் போர்வையிலோ படுக்கையிலோ அவளை ஏற்றவே மாட்டோம். அடுத்த இரவு அதில் படுக்கப்போகிறவர் நாய் மயிர் ஆகாதவராக இருக்கலாம். பெட்டிப் பணியாளர் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, “மேடம், கடிக்குமா?” என்று கேட்டார். “கடிக்காது தம்பி, ஆனா நீங்க உள்ள வர வேணாம், போர்வையை இங்கேயே குடுங்க” என்றேன். நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், பயப்படுகிறவரிடம் தொட்டுப் பாருங்கள் என்று சொல்வது எனக்குப் பிடிக்காது.

உணவு விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால், மதியத்துக்குப் பிறகு திட உணவு கிடையாது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தரலாம். நிலையத்துக்கு வருமுன் நீண்ட நடை நடத்தி, வயிற்றையும் சிறுநீர்ப்பையையும் காலி செய்ய வைத்துவிட வேண்டும். இரவில் எந்த நிலையத்திலும் இறக்க வேண்டாம். அவசரமானால் கூபேயிலேயே விரிக்க பழைய செய்தித்தாளும் உறிஞ்சும் விரிப்பும், சுத்தம் செய்ய டெட்டால் கலந்த தண்ணீரும் குப்பைப் பைகளும் கொண்டுபோங்கள். நாம் விட்டுச் செல்லும் கூபே எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து நாயுடன் வருகிறவரை அந்தப் பணியாளர் நடத்துவார்.

ஜெர்மனியில் பெரிய நாய்க்கு டிக்கெட் வாங்கி, கயிறும் வாய்க்கூடும் போட்டால் சாதாரணப் பெட்டியிலேயே ஏறலாம். சுவிட்சர்லாந்தில் தோளுயரம் 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட நாய்க்கு இரண்டாம் வகுப்பின் அரைக் கட்டணம். அதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். நம் ஸ்லீப்பர் பெட்டியின் நெரிசலில் அது மனிதருக்கும் ஆகாது, நாய்க்கும் ஆகாது. நான் கேட்பது ஒன்றுதான்: டிக்கெட் எடுக்கும்போதே நாயையும் பதிவு செய்து, அப்போதே ஒரு கூபேயை உறுதி செய்யும் வசதி. நாய்க்கான பதிவை இணையத்தில் கொண்டுவரும் யோசனை ரயில்வேயிடம் இருப்பதாக 2023இல் செய்திகள் வந்தன. பதிவு இணையத்துக்கு வந்தாலும், கூபே ஒதுக்கீடு சார்ட் நேரத்திலேயே நின்றால் பயனில்லை. ராஜபாளையத்துக்கு 2005இல் தபால்தலை வெளியிட்ட நாடு இது. அந்த இனத்தை நகரத்து வீடுகளில் வளர்க்க இன்று பலர் முன்வருகிறார்கள்; அவர்கள் குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது நாயைத் தகட்டுப் பெட்டிக்குள் அடைக்கவும் வேண்டாம், பூட்டிய வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம்.

கடைசியாகத் திரும்பும் பயணத்தைப் பற்றி. போகும்போது வாங்கிய உடல்தகுதிச் சான்றிதழ் வரும்போது செல்லாது. ஊரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் புதிதாக வாங்க வேண்டும். கூபேக்கான கடிதத்தையும் அந்த ஊர் இருக்கும் கோட்டத்துக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஞாயிறு இரவு திரும்புவதாக இருந்தால் சனிக்கிழமையே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். முடிந்தால் செவ்வாய் அல்லது புதன்கிழமை இரவைத் தேர்ந்தெடுங்கள்; வார நடுவில் முதல் வகுப்பில் கூட்டம் குறைவு, கூபே கிடைக்கும் வாய்ப்பும் அதிகம்.